நரைத்த தலைக்காரியின் பார்லர்

ஜெகதீஸ்வரி கையால் சோறு பிசைந்து சாப்பிட்டு நாலைந்து வருடங்கள் ஆகிவிட்டன. புளிக்குழம்பு விரலில் பட்டால் வெடிப்புகளுக்குள் இறங்கி எரியும். மிளகாய் பட்டால் கேட்கவே வேண்டாம். கல்யாண வீடுகளில் எல்லோரும் இலையில் கைவைக்கும்போது அவள் பையிலிருந்து ஸ்பூனை எடுப்பாள். "பார்லர் வச்சதும் வந்த ஸ்டைலப் பாரு" என்று சொந்தக்காரப் பெண்கள் சிரிப்பார்கள்.  எத்தனை பேருக்குத்தான் சொல்வது?

பந்தல்குடிக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் குடும்பத்தில் பிறந்தவள். உளுந்தும் மக்காச்சோளமும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் கிடக்கிற குடும்பம். திருச்சுழிப் பக்கம் வீரபாண்டிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அங்கேயும் அதே மண், அதே வானம். அடுத்தடுத்து மழை பொய்த்தபோது வீரபாண்டி நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு, பாளையம்பட்டிக்கு வந்து லோடு ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தான். ஜெகதி மதுரைக்குப் பஸ் ஏறிப் போய் ஒரு பார்லரில் வேலை கற்றுக்கொண்டாள். பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்தபோது மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடுத்தவ மயிரப் புடிக்கிற வேலையா நம்ம வீட்டுப் பொம்பளைக்கு?"

அந்த வேலைதான் பிறகு வீட்டில் உலை கொதிக்க வைத்தது. மாமியாரும் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

முடி வெட்டுவதும் புருவம் திருத்துவதும் கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்வதும் ஜெகதிக்குப் பிடித்த வேலைகள். ஆனால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் டை அடிக்கத்தான் வந்தார்கள். முதலில் கையுறை இல்லாமலே கலக்கினாள். விரல் வெடித்தபிறகு கையுறை போட்டாள். வெடிப்பு போகவில்லை. ஒருநாள் தன் தலைக்கும் கொஞ்சம் அடித்துக்கொண்டாள். மறுநாள் காலையில் இரண்டு கண்ணும் இமை பிரியாமல் வீங்கிக் கிடந்தன. இனி இந்தக் கறுப்புச் சாயம் உங்கள் தலையில் படவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் தலை அதன் போக்கில் நரைத்தது. நாற்பத்தைந்து வயதில் முன் நெற்றி முழுக்க வெள்ளை.

இதுவே ஒரு வம்பாகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணாடியில் அவள் தலையைத்தான் பார்ப்பார்கள்.

"ஏக்கா, நீங்களே இப்பிடி இருக்கீக. எங்களுக்கு எப்பிடி அடிப்பீக?"

"எனக்கு ஒத்துக்காதும்மா. உங்களுக்கு ஒத்துக்கும்னா அடிச்சுவிடுறேன்."

அவர்கள் தலையை ஆட்டுவார்கள். நம்பினதாகத் தெரியாது.

கொரோனாவில் கடைகளை அடைத்தபோது ஊரிலுள்ள பெண்கள் எல்லோரும் வீட்டிலேயே டை அடிக்கப் பழகிவிட்டார்கள். பாக்கெட்டைக் கிழித்து, பழைய கிண்ணத்தில் கரைத்து, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் பூசி, போர்த் தண்ணீரில் அலசினால் வேலை முடிந்தது. இந்தப் பக்கத்துப் போர்த் தண்ணீரோ வாயில் வைக்க முடியாத உப்பு. கடை திறந்தபிறகு டை அடிக்க வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். அடித்ததைச் சரிபண்ண வருகிறவர்கள் பெருகினார்கள். வேர் செம்பட்டை, நடு கன்னங்கறுப்பு, நுனி தேங்காய் நார். அதைத் தொட்டாலே ஜெகதிக்கு அயர்ச்சியாக இருக்கும். ஒருவருடைய தலையைப் புதிதாகச் செய்வதைவிடக் கெட்டுப்போன தலையைத் திருத்துவதற்கு மூன்று மடங்கு நேரம் நிற்கவேண்டும். நின்று நின்று முழங்கால் வேறு போய்விட்டது.

அதைவிட அயர்ச்சி, அவர்கள் சொல்லும் பொய். முடியில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் எதையும் மேலே வைக்க முடியாது. சில பொடிகளின் மேல் பிளீச் பட்டால் சூடேறி முடி கையோடு வந்துவிடும். அதனால் வருகிறவர்களிடமெல்லாம் கேட்பாள். கேட்டதும் அவர்கள் முகம் மாறும். ஏதோ திருட்டை விசாரிப்பதுபோல. "நா ஒண்ணுமே போடலயே" என்பார்கள். காது மடலில் கறுப்புக் கறை காயாமல் இருக்கும்.

சண்முகவடிவு வந்தது அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு முன்பு. அருப்புக்கோட்டை பஜாரில் பேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் சங்கரபாண்டியனின் மனைவி. ஜெகதி கடை திறந்த காலத்தில் முதன்முதலாக நம்பி வந்தவளும் அவள்தான். தன் நாத்தனார், ஓரகத்தி, பக்கத்து வீட்டுக்காரிகள் என்று எல்லோரையும் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிவந்தவள். ஆனால் கொரோனாவுக்குப் பிறகு அவர்கள் கடையிலேயே டை பாக்கெட் வியாபாரம் சூடுபிடித்தது. வாசலில் சரம் சரமாகத் தொங்கும். அதோடு சண்முகவடிவு பார்லருக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கடையில் வாங்கிப் பூசிக்கொண்டு ஜெகதியிடம் வருகிற பெண்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தார்கள்.

அன்று மத்தியானம் அவள் சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு உள்ளே வந்தாள். உட்கார்ந்ததும் தலைப்பை எடுத்தாள். ஜெகதி சீப்பின் காம்பால் முடியைப் பிரித்துப் பார்த்தாள். உச்சியில் ஆரஞ்சு, பின்னால் கரி.

"மக நிச்சயதார்த்தம் பொங்கல் முடிஞ்ச மறுநா. பிரவுன் கலர்ல ஒண்ணுபோல ஆக்கிவிடு ஜெகதி."

"என்னக்கா போட்டீக?"

"ஒண்ணும் போடல. வெயிலுக்கு இப்பிடி ஆயிருச்சு."

"அக்கா."

சண்முகவடிவு கண்ணாடியை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நம்ம கடை பாக்கெட்டுத்தான். ரெண்டு மூணு வெதத்த மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன். ஒண்ணும் ஒட்டல."

ஜெகதி பிடரி முடியைத் தூக்கினாள். தோல் சிவந்து தடித்திருந்தது. சின்னச் சின்னக் கொப்புளங்கள்.

"அரிக்குதா?"

"வேர்க்குரு."

"வேர்க்குரு இல்லக்கா. எனக்கும் மொதல்ல இப்பிடித்தான் வந்துச்சு. பொறவு கண்ணே தொறக்க முடியாமப் போச்சு. கரியப் பிரவுனாக்க பிளீச் வைக்கணும். இப்ப அத வச்சா முடி புட்டுக்கிட்டு வந்துரும். நா வைக்கமாட்டேன். நீங்களும் இனி அந்தக் கறுப்ப வைக்காதீக. நிச்சயத்துக்கு வேணும்னா நானே வந்து கொண்டை போட்டு, தல தெரியாம பூ வச்சுவிடுறேன்."

"சம்பந்தகாரி என்னயவிட மூத்தவ. போட்டோல பாத்தா இருவது வயசுக் கொமரி மாதிரி இருக்கா. அவ பக்கத்துல நா இப்பிடியா நிக்க?"

"பூ வச்சா தெரியாதுக்கா."

"முடியாதுன்னு சொல்லு. நாங்க வீட்டுல போட்டுக்கிறது ஒனக்குப் பொறுக்கல. யாவாரம் போச்சேன்னு பயமுறுத்துற. நீ நரச்ச தலையோட திரியிறதுக்கு ஊரே நரச்சுக் கெடக்கணுமா?"

ஜெகதி சீப்பை வைத்துவிட்டாள். சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். "போயிட்டு வாங்கக்கா" என்றாள். சண்முகவடிவு தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு இறங்கிப்போனாள்.

இரண்டு நாள் கழித்து சங்கரபாண்டியன் வந்தார். பைக்கை நிறுத்துகிற சத்தம் கேட்டது. அவர் உள்ளே வரவில்லை. ரோட்டில் நின்றே கத்தினார்.

"ஏம்மா, வெளிய வா! என்னத்தப் போட்டுவிட்ட எம் பொண்டாட்டிக்கு? மூஞ்சி பானை மாதிரி வீங்கிக் கெடக்கா. கண்ணு தொறக்கல!"

பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பினார்கள். டீக்கடையிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். புருவம் திருத்த உட்கார்ந்திருந்த பெண் பாதிப் புருவத்தோடு எட்டிப் பார்த்தாள். ஜெகதி நூலோடு வாசலுக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, நா அவுக தலையில ஒண்ணுமே வைக்கல."

"ஒங்கிட்ட வந்துட்டுப் போனபெறகுதான் இப்பிடி! மக நிச்சயத்த வச்சுக்கிட்டு நா எங்க போய் முட்டுவேன்?"

ஜெகதிக்கு அவர் சொன்ன மற்ற எதுவும் காதில் ஏறவில்லை. "ஒதடும் வீங்கியிருக்கா அண்ணாச்சி? மூச்சு விடுறாகளா நல்லா?"

அவர் கத்துவதை நிறுத்தினார். "தொண்டையில என்னமோ அடைக்குற மாதிரி இருக்குங்கிறா. சோத்துக்கத்தாழை தேச்சுவிட்டுருக்கோம்."

"ஆஸ்பத்திரிக்குப் போகலையா? இங்க நின்னு என்னோட பேசிக்கிட்டு இருக்கீக! போங்க அண்ணாச்சி, வண்டிய எடுங்க!"

அவள் வீரபாண்டிக்குப் போன் போட்டாள். பாதிப் புருவத்தோடு இருந்த பெண்ணிடம் "நாளைக்கு வாத்தா" என்று சொல்லிக் கடையைச் சாத்தினாள். வீரபாண்டி சிமெண்டு மூட்டையை இறக்கிய வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டு வந்தான். சண்முகவடிவின் வீட்டுக்குள் ஜெகதி நுழைந்தபோது அவள் கட்டிலில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் யாருடையது என்றே தெரியவில்லை. கண் இருந்த இடத்தில் இரண்டு கோடுகள். ஜெகதியின் குரல் கேட்டதும் கையை நீட்டினாள். பேச வரவில்லை. ஜெகதி குளியலறைக்குள் போய்க் கிழிந்து கிடந்த டை பாக்கெட்டின் கவரை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். டாக்டர் கேட்பார் என்று அவளுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போட்டார்கள். ஆக்ஸிஜன் வைத்தார்கள். டாக்டர் திரும்பி, "தலைக்கு டை எங்க அடிச்சது?" என்று கேட்டார்.

சங்கரபாண்டியன் ஒரு கணம் ஜெகதியைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்து, "பார்லர்ல" என்றார்.

ஜெகதி முன்னால் வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கவரை நீட்டினாள். "வீட்டுல போட்டது சார். இதுதான்." டாக்டர் கவரை வாங்கிப் பின்பக்கம் படித்தார். யார் போட்டது என்பதைப் பற்றி அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆபத்தாகியிருக்கும் என்று மட்டும் சொன்னார்.

சண்முகவடிவு பிழைத்துக்கொண்டாள். நிச்சயதார்த்தத்தைத் தள்ளிப் போட்டார்கள். ஏன் தள்ளிப் போட்டீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சங்கரபாண்டியன் கடையில் உட்கார்ந்தபடியே பதில் சொன்னார். பாளையம்பட்டி பார்லரில் டை அடித்து முகம் வீங்கிவிட்டது என்றார். வேறு எப்படிச் சொல்வார்? கடைக்காரர் மனைவிக்கே அந்தக் கடைப் பாக்கெட் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தால், பொங்கலுக்கு இறக்கி வைத்த சரக்கை யார் வாங்குவார்கள்?

பேச்சு பஸ் ஏறிப் போயிற்று. காரியாபட்டிப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண அலங்காரத்துக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். வேறு ஆள் பார்த்துக்கொண்டதாகப் போன் வந்தது. வழக்கமாக வருகிறவர்கள் ரோட்டின் எதிர்ப்பக்கமாக நடந்து போனார்கள். பங்குனிப் பொங்கல் வாரத்தில் ஜெகதி கடையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அவள் அவற்றிலொன்றில் காலை நீட்டி உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தாள். ஒருவகையில் அது நன்றாகத்தான் இருந்தது. அப்படி உட்கார்ந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

வீரபாண்டிக்குத்தான் ஆறவில்லை.

"உசுரக் காப்பாத்திவிட்டது நீ. பழியும் ஒனக்கா? நா போய் அந்தாளு கடை வாசல்ல நின்னு கேக்குறேன். நீ இப்பிடி வாய மூடிக்கிட்டே இருந்தா நம்மதான் செஞ்சோம்னு ஆயிரும்."

"ஆகட்டும்."

"என்ன ஆகட்டும்?"

"நீங்க போய்ச் சத்தம் போட்டா மட்டும் நம்பீருவாகளா? நரச்ச தலைய வச்சுக்கிட்டு டை அடிக்கிறவ சொல்றத யாரு நம்புவா? செத்த நேரம் என்னயப் படுக்க விடுங்க."

ஆனாலும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. சண்டைக்காக அல்ல. அந்தக் கடையிலிருந்து வாங்கிப் போகிற எல்லோர் பிடரியையும் நினைத்துக்கொண்டாள். ஒரு நாள் வெயில் தாழுமுன் டவுன் பஸ்ஸில் ஏறி பஜாருக்குப் போனாள்.

பேன்சி ஸ்டோரில் வளையல் வரிசைகளுக்குப் பின்னால், கல்லாவில் சண்முகவடிவு உட்கார்ந்திருந்தாள். வீக்கம் வடிந்திருந்தது. கன்னம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. தலைப்பைக் காதுவரை இழுத்து மூடியிருந்தாள். ஜெகதியைக் கண்டதும் கல்லாப் பெட்டியைக் குனிந்து பார்த்தாள்.

முன்னால் ஒரு கல்லூரிப் பெண் நின்றிருந்தாள். மல்லாங்கிணற்றுக்காரி, பெயர் தங்கச்செல்வி. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அம்மாவுக்கு என்று டை பாக்கெட் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஜெகதி அவளிடம் மெதுவாகச் சொன்னாள்: "ஏத்தா, அம்மாவ இத அப்பிடியே தலையில வைக்கச் சொல்லாத. காதுக்குப் பின்னால ஒரு பொட்டு வச்சுட்டு ரெண்டு நா பொறுத்துப் பாக்கச் சொல்லு. அரிச்சாலோ செவந்தாலோ தொடவே வேண்டாம்."

உள்ளே சரக்கு அடுக்கிக்கொண்டிருந்த சங்கரபாண்டியன் வெளியே வந்தார். "ஏம்மா, எங்கடையில வந்து நின்னு யாவாரத்தக் கெடுக்கியா?"

தங்கச்செல்வி ஜெகதியை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கதான அந்தப் பாளையம்பட்டி பார்லரக்கா? ஒங்க கடையிலதான ஒரு அம்மாவுக்கு மூஞ்சி வீங்கிப்போச்சு?"

ஜெகதி பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.  எத்தனையோ முறை மனதுக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வார்த்தைகள். வேண்டாம் என்று தோன்றியது. திரும்பிப் படியிறங்கப் போனாள்.

"அந்த அம்மா நாந்தான்."

சண்முகவடிவு எழுந்து நின்றிருந்தாள். தலைப்பைப் பின்னால் தள்ளியிருந்தாள். உச்சியில் திட்டுத் திட்டாக முடி கொட்டித் தோல் தெரிந்தது.

"இவ போடல. போடாதன்னு சொன்னா. நாந்தான் வீட்டுல போட்டேன். ஒங் கையில இருக்குல்ல, அந்தப் பாக்கெட்டுத்தான்."

"வடிவு!" என்றார் சங்கரபாண்டியன்.

"நீங்க சும்மா இருங்க. இவ வராட்டி நா செத்துருப்பேன். ஒங்களுக்கும் தெரியும்."

தங்கச்செல்வி பாக்கெட்டைக் கண்ணாடி மேசையில் வைத்துவிட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, மறுபடி எடுத்துக்கொண்டாள். "காதுக்குப் பின்னாலயா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றாள் சண்முகவடிவு. "ரெண்டு நா."

சங்கரபாண்டியன் சரக்கு அறைக்குள் திரும்பிப் போய்விட்டார். ஜெகதியிடம் அவர் அதற்குமேல் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

இதனால் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. பார்லரில்தான் நடந்தது என்ற பேச்சு ஊர் ஊராகப் போய்விட்டிருந்தது. அதை யாரும் தேடிப்போய்த் திருத்தவில்லை. வழக்கமாக வந்தவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவே இல்லை. சண்முகவடிவு மட்டும் தள்ளிவைத்த நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் வந்தாள்.

"வெட்டிவிடு. ஒட்ட வெட்டிவிடு. இதுக்குமேல மறைக்க என்னால முடியல."

ஜெகதி கேன் தண்ணீரில் தலையை அலசி, துண்டைப் போர்த்தி, கத்தரியை எடுத்தாள். கறுப்பும் ஆரஞ்சுமாக முடி தரையில் விழுந்தது. அடியில் புதிதாக முளைத்த வெள்ளை மட்டும் நின்றது.

"கோவமா ஜெகதி?" சண்முகவடிவு கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "ஆஸ்பத்திரில அவுக பார்லர்லன்னு சொன்னது எங் காதுல விழுந்துச்சு. அப்ப வாயத் தொறக்க முடியல. வீட்டுக்கு வந்தபெறகு தொறந்திருக்கலாம். தொறக்கல. கடை போயிருமேன்னு இருந்துட்டேன்."

"கோவப்படவும் தெம்பு வேணுமில்லக்கா" என்றாள் ஜெகதி. பிறகு கொஞ்ச நேரம் வெட்டிவிட்டுச் சொன்னாள்: "காரியாபட்டிப் பொண்ணு வேற எடத்துக்குப் போயிருச்சு. அதுக்குப் பூ ஜடை எப்பிடிப் பின்னணும்னு எல்லாம் யோசிச்சு வச்சுருந்தேன்."

சண்முகவடிவு மடியில் விழுந்த முடியைத் தட்டிவிட்டாள். 

முடிந்ததும் அவள் நெடுநேரம் கண்ணாடியைப் பார்த்தாள். தலையைத் தடவிப் பார்த்தாள். "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம கடைக்கு வாயேன். வாங்க வாரவுககிட்ட நீயே சொல்லு. நீ சொன்னா கேப்பாக."

"என்னால முடியாதுக்கா. நீங்களே சொல்லுங்க. ஒங்க மூஞ்சியப் பாத்தாலே கேப்பாக."

அவள் கிளம்பிப் போனபின் ஜெகதி தரையைக் கூட்டினாள். சாயக் கிண்ணங்களையும் பிரஷ்களையும் மிச்சமிருந்த டப்பாக்களையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டினாள். இனி டை அடிக்கிற வேலையே வேண்டாம் என்று அவள் ஏற்கெனவே பலமுறை சொல்லியிருக்கிறாள். வீரபாண்டி நம்பியதில்லை. அன்று சாக்கைத் தூக்கி வண்டியில் வைக்கச் சொன்னபோது அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"நெசமாவா? பாதி யாவாரம் அதுலதான ஓடுது."

"கடை ஓடுற மட்டும் ஓடட்டும். வெட்டுறதும் ஐப்ரோவும் கல்யாணமும் போதும்."

வெயில் இன்னும் இறங்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் பள்ளிப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். ஜெகதி ஷட்டரை இழுத்துப் பூட்டினாள். ஆட்டோவின் முன்சீட்டில் அவனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டாள். வண்டி திருப்பத்தில் வளைவதற்குள் அவள் தூங்கிப்போயிருந்தாள். வீரபாண்டி ஹார்ன் அடிக்காமல் மெதுவாக ஓட்டினான்.